இரசாயனத் தாக்கங்களும் தமிழ்ப் பெயர்களும்

இரசாயன நூல் வளர்ந்த வரலாறு ஒருவகையில் பெயரிடுதலின் வரலாறேயாம். 1787ஆம் ஆண்டில் இலவோசியரும் அவர்தம் நண்பர் மூவரும் பிரான்சு தேசத்திற் புதிய பெயரீட்டு முறையொன்றை வகுத்தனர். பொருளின் பெயரே அதன் கூறுகளை உணர்த்தல்வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. அதன் பின்னரே பொருள்கள் தம்முட் கூடுதலும் பிரிதலும் மாணாக்கர்க்கு எளிதில் விளங்கலாயின.

ஈழத்தில் இம்முயற்சிக்கு வித்திட்டவர் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியராவர். 1847இல் ஈழம் போந்த அவர், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்தார். அவர் முயற்சியால் 1875இல் வெளிவந்த இரசாயன நூல் ‘கெமிஸ்தம்’ எனப்பட்டது. ஆங்கிலப் பெயரே ஈண்டுத் தமிழொலி பெற்று நின்றது.

அதே மானிப்பாயில், 1920ஆம் ஆண்டளவில் இந்துக் கல்லூரியின் அதிபராயமர்ந்தார் மட்டக்களப்புக் காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் இரசாயன ஆசிரியருமாகிய அவரே பின்னர் விபுலாநந்த அடிகளாயினார். 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டிற்கு அவர் தலைமை தாங்கினார். 1938இற் கலைச்சொற்றொகுதி வெளிவந்தது. ஈழத்து இடைநிலைப் பள்ளிகளில் விஞ்ஞானம் தமிழிற் பயிலப்பட்டபோது, அரசகரும மொழித் திணைக்களமும் சொற்றொகுதிகளை வெளியிட்டது.

அப்பணியின் பயனை மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையிலுள்ள பழுகாமத்து மாணாக்கனும் இன்று துய்க்கின்றான். சிப்பியைச் சூளையிலிட்டுச் சுட்டால், அதிலுள்ள கல்சியங் காபனேற்று நீற்றாத சுண்ணாம்பாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிகின்றது. இது பிரிகைத் தாக்கம். அச்சுண்ணாம்பு நீரோடு கூடி வெப்பமெழ நீறுதல் சேர்க்கைத் தாக்கம். செப்புச் சல்பேற்றுக் கரைசலில் இட்ட இரும்பாணியிற் செந்நிறச் செம்பு படிகின்றது. இரும்பு கரைசலுட் சென்று செம்பை வெளியேற்றுதலின் இஃது ஒற்றை இடப்பெயர்ச்சி. உவர்நீரில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைச் சேர்த்தால், வெள்ளிக் குளோரைட்டு வெண்ணிற வீழ்படிவாகத் தோன்றும். இரு சேர்வைகளும் தத்தம் பகுதிகளை மாற்றிக்கொள்ளுதலின் இஃது இரட்டை இடப்பெயர்ச்சி. பெயரைக் கேட்ட அளவிலே நிகழ்ச்சி கண்முன் தோன்றுகின்றதன்றோ!

தமிழகத்தார் ‘வினை’ என்பதை நாம் ‘தாக்கம்’ என்கின்றோம். ஒன்று செயலையும், மற்றையது பொருளொன்று பிறிதொன்றை மோதி மாற்றுதலையும் உணர்த்துகின்றது. இரண்டும் நற்றமிழ்ச் சொற்களே. ஆயினும் இக்கரை நூலை அக்கரையார் கற்குமிடத்து இவ்வேறுபாடு இடராகின்றது. இரு வழக்கையும் ஒருங்கு காட்டும் அகராதியை வகுப்பறைதோறும் வைத்தல் நலம்.

அதனினும் நலம், பெயரின் பொருளை ஆசிரியர் முதலில் விளக்குதல். பொருளுணராது நெட்டுருச்செய்யும் மாணாக்கனுக்குத் தமிழ்ச் சொல்லும் பிறமொழிச் சொல்லே. சொல்லாக்கியோர் உழைத்தது பரீட்சை விடைக்காகவன்று, தாய்மொழியிற் சிந்தித்தற்காகவே. அவ்வுழைப்பு வீண்போகாதவாறு காத்தல் கற்பிப்போர் கடனாம்.