நாடாளுமன்றக் குழுக்கள் (இந்தியா)

மசோதாக்களையும் அரசின் செலவுகளையும் அவைக்கு வெளியே துருவி ஆராயும் உறுப்பினர் குழுக்கள். இவற்றில் மூத்தது, மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தைத் தொடர்ந்து 1921-இல் அமைந்த பொதுக் கணக்குக் குழு. செலவழித்த அரசின் நிதி உறுப்பினரே அதற்குத் தலைவராகவும் இருந்தார் என்பது வேடிக்கைதான். குடியரசானபின் அமைச்சர்களுக்கு அதில் இடமில்லை என்றானது. 1967-இல் சுதந்திராக் கட்சியின் மினூ மசானி தலைவரானது முதல், எதிர்க்கட்சிக்கே அப்பதவி என்ற மரபு ஏற்பட்டது. தணிக்கை அறிக்கையை முன்வைத்துத் துறைச் செயலாளர்களை இக்குழு குடைந்தெடுக்கும். ஆனால் பணம் போன பிறகு.

சட்டமாகுமுன் மசோதாவை அலசத் தேவைக்கேற்பத் தேர்வுக் குழு அமைப்பதே பழைய வழக்கம். நிரந்தர ஏற்பாடு மெல்லத்தான் வந்தது: 1989-இல் மூன்று குழுக்கள், 1993-இல் 17 துறைசார் நிலைக்குழுக்கள், 2004-இல் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையினர் 21 பேர், மாநிலங்களவையினர் 10 பேர். கூட்டம் மூடிய அறையில் நடக்கும்; கேமரா இல்லாததால் உறுப்பினர்கள் கட்சிக்காக முழங்க வேண்டியதில்லை.

இதன் பலனுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நல்ல சான்று. 2004 டிசம்பரில் வந்த மசோதா மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டுமே பொருந்துவதாக இருந்தது. தமிழகத்தின் சுதர்சன நாச்சியப்பன் தலைமையிலான நிலைக்குழு, மாநிலங்களையும் சேர்க்கப் பரிந்துரைத்தது, அரசு ஏற்றது. வட்டாட்சியர் அலுவலகத்தில் இன்று தகவல் கேட்டு மனுப் போட முடிவதில் அந்தப் பரிந்துரைக்கும் பங்குண்டு.

ஆனால் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தா. எல்லா மசோதாவும் குழுவுக்குப் போயாக வேண்டும் என்ற விதியும் இல்லை. அவைத்தலைவர் அனுப்பினால் உண்டு. பெரும்பான்மை பலம் கொண்ட அரசுக்கு இது வசதி. 2020-இன் வேளாண் சட்டங்கள் எந்தக் குழுவையும் பார்க்காமலே நிறைவேறி, மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டன.

குழுவுக்குப் போனாலும் உத்தரவாதமில்லை. 2019-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவைக் கூட்டுக் குழு இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து 81 திருத்தங்கள் சொன்னது. 2022-இல் அரசு மசோதாவையே விலக்கிக்கொண்டது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய மசோதா எந்தக் குழுவுக்கும் அனுப்பப்படாமல், அறிமுகமான ஒரு வாரத்துக்குள் இரு அவைகளையும் கடந்தது. தனிநபர் விவரம் சார்ந்த தகவலறியும் உரிமைப் பிரிவை மாற்றும் திருத்தமும் அதற்குள் இருந்தது.