பாட்டுக்கும் படத்துக்கும் நாற்பது நிமிடம்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டும் ஓவியமும் கற்பிக்க வேண்டுமா என்ற வினா எழும்போதெல்லாம், 'நேரம் இருந்தால் கற்பிக்கலாம்' என்ற விடையே பெரும்பாலும் வந்து சேர்கிறது. இந்த 'நேரம் இருந்தால்' என்ற சொற்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைப் பாலாற்றங்கரையில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இராணிப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என ஆற்றை ஒட்டி நீளும் தோல் நகரங்களில், பிள்ளையின் கை எதற்குரியது என்னும் கேள்வி தனிக் கூர்மை பெறுகிறது.

திண்ணையும் தோலும்

ஐரோப்பிய முறைப் பள்ளிகள் பரவுவதற்கு முன்பு, தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் இசை ஒரு தனிப்பாடமாக இருந்ததில்லை. பாடமே ஓசையாக இருந்தது. எண்சுவடி வாய்பாடுகளும் நீதிநூல்களும் ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லும் முறையில் இழுத்துப் பாடியே மனத்தில் பதிந்தன. மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. நவராத்திரி நாள்களில் பிள்ளைகள் கோலாட்டக் கழிகளுடன் வீடு வீடாகச் சென்று பாடும் வழக்கமும் இருந்தது. காதும் நாவும் விரலும் சேர்ந்து கற்ற கல்வி அது.

ஆயினும் அத்திண்ணையில் எல்லாப் பிள்ளைகளும் அமர முடியவில்லை. தோல் தொட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு அத்தெருவே விலக்கப்பட்டிருந்தது. இங்கே ஒரு முரணைச் சுட்டியாக வேண்டும். காகிதம் வந்தபின் எழுதப் பயன்பட்ட கருமை, கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் காய்ச்சப்பட்டது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு கூடும்போது கருநிறம் பிறக்கிறது. அதே கடுக்காயும் ஆவாரம்பட்டையும்தான் நம் பகுதியில் தோல் பதனிடவும் பயன்பட்டன. எழுத்துக்கும் தோலுக்கும் ஒரே காய். எழுதியவருக்கும் பதனிட்டவருக்கும் இடையிலோ ஊர், சேரி என்ற பெருந்தொலைவு!

இசையிலும் கதை இதுவே. தொல்காப்பியம் திணைக்குரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை எண்ணுகிறது. பறையாயினும் மிருதங்கமாயினும் தோல் இன்றேல் முழக்கம் இல்லை. மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூலாக எழுதினார். பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்களைத் தேர்ந்து பதப்படுத்தி நாதம் கூட்டிய கைகள் மேடைக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டிருந்ததை அந்நூல் விரிவாகக் காட்டிற்று. கலையின் பயனை ஒருவரும் அதன் உழைப்பை வேறொருவரும் பெறும் பிரிவினை, பள்ளி அட்டவணைக்குள் நுழைந்த விதத்தை இனிக் காண்போம்.

இருநூறும் நாற்பதும்

காந்தியடிகள் 1937 அக்டோபரில் வார்தாவில் கூட்டிய கல்வி மாநாட்டைத் தொடர்ந்து, டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதே ஆண்டு டிசம்பரில் தன் அறிக்கையை அளித்தது. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான ஆதாரக் கல்வித் திட்டம் அது. தாய்மொழி, கணக்கு, சமூக இயல், பொது அறிவியல் ஆகியவற்றோடு ஓவியமும் இசையும் அதன் பாடப்பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெற்றன. கைத்தொழில்களின் வரிசையில் நூற்பு, நெசவு, தச்சு, வேளாண்மை, காய்கனித் தோட்டம் ஆகியவற்றோடு தோல் வேலையும் இருந்தது! ஊர் ஒதுக்கிய தொழிலை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கற்கத்தக்க பாடமாக ஓர் அறிக்கை அறிவித்தது சிறிய செய்தி அன்று.

ஆனால் அவ்வறிக்கையின் கால அட்டவணையையும் நாம் படிக்க வேண்டும். பள்ளி நாள் ஐந்தரை மணி நேரம், அதாவது 330 நிமிடங்கள். கைத்தொழிலுக்கு 200 நிமிடங்கள்; தாய்மொழிக்கு 40; சமூக இயலுக்கும் அறிவியலுக்குமாக 30; உடற்பயிற்சிக்கு 10; இடைவேளைக்கு 10. எஞ்சிய 40 நிமிடங்களை இசை, ஓவியம், கணக்கு ஆகிய மூன்றும் பகிர்ந்துகொள்ள வேண்டும். கணக்கோடு பங்கு போட்டு வெல்லும் வலிமை பாட்டுக்கும் படத்துக்கும் எந்தப் பள்ளியில் உண்டு? மேலும், பிள்ளைகள் செய்யும் பொருளின் வருவாய் பள்ளிச் செலவுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணமும் அத்திட்டத்தில் கலந்திருந்தது. கை, கல்விக்குள் வந்தது உண்மை; விலையுள்ள பொருளைச் செய்யும் கையாகவே வந்தது என்பதும் உண்மை.

இதற்கு மாற்றாகச் சிந்தித்தவர்களும் அத்திட்டத்துக்குள்ளேயே இருந்தனர். சாந்திநிகேதனில் பயின்று 1944இல் சேவாகிராமத்துக்கு வந்த தேவி பிரசாத், குழந்தைகளின் ஓவியத்தைத் தொழிலுக்குத் துணையாகக் கொள்ளாமல், கலையையே கல்வியின் அடித்தளமாகக் கொண்டு கற்பித்தார். அது பற்றி நூலும் எழுதினார். அக்கருத்து நாடெங்கும் பள்ளி அட்டவணைகளைச் சென்றடையவில்லை.

1953: அப்பன் தொழில்

1953இல் சென்னை மாகாண முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த திருத்தத் தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆசிரியர் பற்றாக்குறையைச் சமாளித்து, இரண்டு வேளையாகக் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் வாதம். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

திட்டம் கிராமங்களுக்கு மட்டும் உரியது. எனினும் தோல் நகரங்களைச் சூழ்ந்த சிற்றூர்களை எண்ணிப் பாருங்கள். அங்கே தோல் வேலை செய்யும் தந்தையின் மகன் மூன்று மணி நேரப் பள்ளிக்குப் பின் எங்கே போயிருப்பான்? 1937இன் அறிக்கை தோல் வேலையை எல்லாருக்கும் பொதுவாக்க முயன்றது. 1953இன் திட்டம் அதனை மீண்டும் அவன் ஒருவன் தலையிலேயே கட்டியிருக்கும். எனவே அன்று எழுந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது என்பதில் நமக்கு ஐயமில்லை.

அந்த நியாயத்தின் நிழலில் நேர்ந்த ஓர் இழப்பையும் நாம் பேசியாக வேண்டும். கையால் கற்பது என்றாலே குலத்தொழிலுக்கு இழுக்கும் சூழ்ச்சியோ என்ற அச்சம், முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த குடும்பங்களில் வேர்கொண்டது. புத்தகம் விடுதலை, கைவேலை தளை என்று கணக்குத் தீர்ந்தது. பாட்டும் ஓவியமும் எந்தக் குலத்தின் தொழிலாகவும் அவ்வகுப்பறைக்கு வரவில்லை. இருந்தும் அவையும் கைவேலையோடு சேர்த்தே ஓரங்கட்டப்பட்டன என்பது நம் கருத்து.

சட்டத்தில் ஓர் இடைவெளி

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிரம்பாத பிள்ளைகளை ஈடுபடுத்தக்கூடாத தொழில்முறைகளைப் பட்டியலிட்டது. பீடி சுற்றுதல், தீப்பெட்டி செய்தல், தோல் பதனிடுதல் ஆகிய மூன்றும் அப்பட்டியலில் உண்டு. வேலூர், குடியாத்தம், ஆம்பூர் வட்டாரத்தை அறிந்தோர்க்கு அம்மூன்று பெயர்களும் அயலானவை அல்ல. இன்னமும் காலணியின் மேற்பகுதியை வீட்டில் வைத்துக் கையால் தைத்துக் கொடுக்கும் தாய்மார் இப்பகுதியில் உள்ளனர். அவ்வீட்டுப் பிள்ளைக்கு ஊசியும் நூலும் பசையும் கத்தரியும் கூலியின் கருவிகளாகவே முதலில் அறிமுகமாகின்றன. கூலி கருதாமல், பிழை செய்தாலும் பிடித்தம் இல்லாமல், ஒரு கோட்டை இழுத்துப் பார்க்கும் இடம் பள்ளிக்கூடத்தை விட்டால் அப்பிள்ளைக்கு வேறு ஏது?

அவ்விடத்தைச் சட்டம் தந்திருக்கிறதா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஆனால் அது 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு மட்டும். அங்கும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் மட்டும்! முதல் ஐந்து வகுப்புகளுக்கு அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். பாட்டும் படமும் அவர்கள் பாடு. தமிழக அரசு 2012இல் நியமித்த 16,500க்கும் மேற்பட்ட பகுதிநேரச் சிறப்பாசிரியர்களும் மேல்வகுப்புகளுக்கு உரியவர்களே. வாரத்தில் மூன்று அரைநாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம் என்பது அவர்களுக்கு வகுக்கப்பட்ட நிலை. அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழா 2022இல் 6ஆம் வகுப்பு முதல் தொடங்கி, 2024இல் தொடக்கப்பள்ளிகளையும் எட்டியது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் போட்டி, ஏற்கெனவே பாடத் தெரிந்த பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும். கடைசி வரிசையில் வாய் திறவாதிருக்கும் பிள்ளையைப் பாட வைப்பது அன்றாட வகுப்பு மட்டுமே.

காது முன்னரே பழகியிருக்கிறது

கல்லூரியில் யாப்பிலக்கணம் கற்பிக்கும் நமக்கு, அந்த ஐந்து வகுப்புகளின் வெறுமை பத்தாண்டு கழித்துக் கண்ணில் படுகிறது. வெண்பாவுக்குச் சீர் பிரித்துத் தளை சொல்லும் மாணவர், அதன் செப்பலோசையைக் கேட்டு உணர முடியாமல் திகைக்கின்றனர். அசையும் சீரும் கண்ணுக்கு உரியனவாகிவிட்டன. ஏழு வயதில் கைதட்டிப் பாடியிருந்தால் ஏழு நிமிடத்தில் விளங்கும் செய்தி, இருபது வயதில் சூத்திரமாகி அச்சுறுத்துகிறது.

இத்தனைக்கும் நம் பகுதிப் பிள்ளைகள் ஓசை அறியாதவர் அல்லர். மக்தபில் திருமறையை ஒலிப்பு வழுவாமல் ஓதப் பழகிய பிள்ளை, தேவாலயத்தில் கீர்த்தனை பாடும் பிள்ளை, திரௌபதியம்மன் கோவில் பாரதக்கூத்தை விடிய விடியப் பார்த்த பிள்ளை, பறையொலி கேட்டே வளர்ந்த பிள்ளை என எல்லாரும் ஒரே பாயில் அமர்கின்றனர். தமிழ்வழிப் பள்ளிக்கு அருகிலேயே உருதுவழிப் பள்ளி நடக்கும் ஊர்கள் ஆம்பூரும் வாணியம்பாடியும். இரு மொழிப் பிள்ளைகளும் ஒன்றாகக் கற்கத்தக்கவை தாளமும் வண்ணமும். கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் குழந்தைகளுக்கென்றே பாடிவைத்த செல்வம் இருக்கிறது. அதைப் படித்து ஒப்பிக்கச் சொல்லாமல் பாடச் சொன்னால் போதும்.

ஓவியத்துக்கும் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கடுக்காயும் ஆவாரமும் இரும்புத் துருவும் கொண்டு பிள்ளைகளே மையும் மஞ்சளும் செய்து பார்க்கலாம். தம் ஊரின் தொழில் வேதியியலாகவும் வண்ணமாகவும் அவர்களுக்கு விளங்கும். ஆறு வரையச் சொன்னால் பாடநூலைப் பார்த்து நீலம் தீட்டும் பிள்ளையைப் பாலாற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, கண்டதை வரையச் சொல்லலாம். தோல் கழிவுநீரால் பாலாற்றுப் படுகைக்கு நேர்ந்த கேடு குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புரைத்தது. அம்மணலைத் தன் கண்ணால் கண்டு வரைந்த பிள்ளைக்கு அத்தீர்ப்பு பின்னாளில் தானே பொருள்படும்.

1937இன் அட்டவணை பாட்டுக்கும் படத்துக்கும் கணக்கோடு கூட்டாக நாற்பது நிமிடம் தந்தது. கணக்கு தன் நேரத்தைத் தனியே பெற்று நெடுங்காலமாகிறது. மீதமுள்ள பங்கை 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு, அதற்கென்றே பயின்ற ஓர் ஆசிரியரோடு கேட்டுப் பெறுவது நம் கடன். ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக்கும் ஒருவர் இயலாதெனில், அருகருகே உள்ள சில பள்ளிகளுக்கு ஒருவராகவேனும் கிடைக்க வேண்டும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், கழிப்பறையும் சுற்றுச்சுவரும் பேசி முடித்த பிறகேனும், பெற்றோர் ஒருவர் இதை எழுப்பினால் நல்லது.