அலிபிரியில் காலேஜ், இங்கே ஸ்கூல்

போன வாரம் என் மகள் ஒரு தடிப் புத்தகத்தோடு ஸ்கூலிலிருந்து வந்தாள். ஏ.பி. மேக்ரோ எகனாமிக்ஸ். (ஏ.பி. என்றால் நமக்கு ஆந்திரப் பிரதேசம்தான் ஞாபகம் வரும். இங்கே அமெரிக்காவில் அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்.) படிப்பது பதினோராம் வகுப்பு. ஆனால் மே மாதப் பரீட்சையில் 5-க்கு 4 வாங்கினால் பல யுனிவர்சிட்டிகள் அதைக் காலேஜ் பாடமாகவே வரவு வைத்துக்கொள்ளும்.

புரட்டிப் பார்த்தேன். நாட்டு வருமானம், பணவீக்கம், பாங்கு எப்படிப் பணத்தைப் பெருக்குகிறது... அட, இதெல்லாம் திருப்பதியில் இன்டர்மீடியட் சி.இ.சி. குரூப்பில் படித்ததாச்சே!

அப்போது எங்கள் வீடு அலிபிரி ரோட்டில். நான் ஜூனியர் காலேஜ், கலர் சட்டை. வேலூர் சித்தப்பா பையனுக்கும் அதே வயசு, அதே எகனாமிக்ஸ். ஆனால் அவன் பிளஸ் டூ, யூனிபார்ம். மலைக்கு வரும்போதெல்லாம் படி ஏறி முடிக்கிற வரை "ஸ்கூல் பையா" என்று அவனைக் கிண்டல் செய்வேன்.

காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. 1953 வரை சித்தூர் ஜில்லா சென்னை ராஜ்யத்தில்தான் இருந்தது. பள்ளி முடித்தால் இரு பக்கமும் காலேஜில் இன்டர்மீடியட். அது யுனிவர்சிட்டியில் இருக்க வேண்டிய படிப்பே இல்லை என்று 1917-ல் அமைத்த சாட்லர் கமிஷனே சொல்லிவிட்டது. 1964-66 கோத்தாரி கமிஷன் 10+2 என்றது. ஆந்திரா 1971-ல் இன்டர்மீடியட்டுக்குத் தனி போர்டு வைத்து, 'காலேஜ்' என்ற பெயரை மட்டும் விடவில்லை. தமிழ்நாடு 1978-ல் பி.யூ.சி.யை எடுத்துவிட்டுப் பிளஸ் டூவைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. ஆக, நகரியில் காலேஜ், திருத்தணியில் ஸ்கூல்!

அமெரிக்காவில் நேர் எதிர். 1955-லிருந்தே ஏ.பி., அதில் எகனாமிக்ஸ் 1989-ல். காலேஜ் பாடமே ஸ்கூலுக்கு இறங்கி வந்தது.

பழைய பெருக்கல் கணக்கைப் போட்டுக் காட்டினேன். ரிசர்வ் 10 சதவீதம் என்றால் 100 டாலர் டெபாசிட் 1000 ஆகும். "அப்பா, 2020 மார்ச்சிலேயே ரிசர்வ் விகிதத்தை ஜீரோ ஆக்கிட்டாங்க. ஜீரோவால எப்படி வகுப்பீங்க?" என்றாள். பாங்கு ஆபீசர் வாயை மூடிக்கொண்டேன் :-)

நான் வந்த புதிதில் என் சர்டிபிகேட்டுகளை மதிப்பிட்டவர்கள் இன்டர்மீடியட் இரண்டு வருஷத்தையும் ஹைஸ்கூல் கணக்கில் தள்ளிவிட்டார்கள். பி.காம். மூன்று வருஷம், இங்கே டிகிரிக்கு நாலு. அந்த ஒரு வருஷத்துக்காக வேலை முடித்து ராத்திரி கிளாஸ் போனேன். முதல் செமஸ்டரிலேயே மேக்ரோ எகனாமிக்ஸ், சொந்தக் காசில். 16 வயதில் நான் காலேஜில் படித்தது ஸ்கூல் ஆனது. 16 வயதில் இவள் ஸ்கூலில் படிப்பது காலேஜ்.

வேலூர்க்காரனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிரித்து முடிக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. "அப்படின்னா நீயும் ஸ்கூல் பையன்தானாடா?"