நோயாளியின் எண்ணெய் மரணப் படுக்கைக்குப் போன வரலாறு

தமிழ்க் கத்தோலிக்கர் முன்பு ‘அவஸ்தை பூசுதல்’ என்று வழங்கிய சடங்குக்குச் சாமியாரை அழைத்தாலே, அந்த வீட்டில் உயிர் ஒன்று பிரியப் போகிறது என்று தெரு முழுக்கப் புரிந்துவிடும். ஆனால் சடங்கின் வேரான யாக்கோபு திருமுகத்தில் (5:14-15) சாவு பற்றிய பேச்சே இல்லை. நோயாளி சபை மூப்பர்களை வரவழைக்க வேண்டும். அவர்கள் எண்ணெய் பூசி மன்றாட வேண்டும். ஆண்டவர் அவரை எழுப்புவார். பிழைக்க வேண்டிப் பூசிய எண்ணெய், சாகக் கிடப்பவருக்கு உரியதானது எப்படி? காரணத்தைப் பாவமன்னிப்பு ஒழுங்கில்தான் தேட வேண்டும் என்பது என் துணிபு.

முதல் சில நூற்றாண்டுகளில் எண்ணெயை மந்திரிப்பது ஆயர். பயன்படுத்துவது யாராகவும் இருக்கலாம். 416இல் திருத்தந்தை முதலாம் இன்னொசெந்து, கூபியோ நகர ஆயர் தெசென்சியுவுக்கு எழுதிய கடிதம் இதற்கு உறுதியான சான்று. ஆயர் மந்திரித்த எண்ணெயைக் குருக்கள் மட்டுமல்ல, கிறித்தவர் எவரும் தமக்கோ தம் வீட்டாருக்கோ பூசலாம் என்கிறார் அவர். ஆறாம் நூற்றாண்டில் ஆர்ல் நகர ஆயர் செசாரியு, நோய் கண்டால் மந்திரவாதியிடம் ஓடாமல் கோயில் எண்ணெயை நாடுங்கள் என்று மக்களைக் கடிந்துகொண்டார். அன்று அது வீட்டு மருந்துபோலவே புழங்கியது.

இன்னொசெந்து கடிதத்தில் இன்னொரு வரியும் உண்டு. பாவப் பரிகாரத்தில் இருப்பவர்க்கு இந்த எண்ணெய் கூடாது. சிறு விதிவிலக்காகத் தோன்றும் இதுவே பின்னாளில் எல்லாவற்றையும் திருப்பிவிட்டது. பண்டைத் திருச்சபையில் கடும் பாவத்துக்கான பொதுப் பரிகாரம் வாழ்நாளில் ஒரே முறைதான். அதை ஏற்றவர் பிறகும் இல்லறத்திலும் பொதுப் பணியிலும் கடும் கட்டுப்பாடுகளைச் சுமக்க நேர்ந்தது. ஆகவே பலர் அதைச் சாகும் நேரத்துக்குத் தள்ளிப்போட்டனர். பரிகாரம் முடியாமல் எண்ணெய் இல்லை. பரிகாரமோ மரணப் படுக்கையில். எண்ணெயும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் கரோலிங்கியச் சீர்திருத்தம் பூசும் உரிமையைக் குருக்களோடு நிறுத்த, வீட்டுப் புழக்கமும் ஒடுங்கியது.

இறையியல் விளக்கம் பின்னால்தான் வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பீட்டர் லொம்பார்து ஏழு அருட்சாதனங்களை வரிசைப்படுத்தியபோது இதன் பெயரே ‘இறுதிப் பூசுதல்’. இனிப் பாவம் செய்ய இயலாத நிலையில் உள்ளவர்க்கே இது தகும் என்று தன்ஸ் ஸ்கோட்டு வாதிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. யாக்கோபு பேசுவது நோயாளியைப் பற்றி, சாகிறவரைப் பற்றி அல்ல என்று 1520இல் லூத்தர் குத்திக்காட்டியது நியாயமே. 1551இல் திரிதெந்து பொதுச்சங்கம் அவரைக் கண்டித்தது. ஆயினும் சாகக் கிடப்போர்க்கு ‘மட்டும்’ என்றிருந்த வரைவைச் ‘சிறப்பாக’ என்று மாற்றிக்கொண்டது. அந்த இடைவெளிதான் பின்னர் கைகொடுத்தது.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை நோயில் பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் என்றது. 1972இல் ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணை, நெற்றியிலும் கைகளிலும் பூசினால் போதும் என்றது. ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயையும் அனுமதித்தது. இன்னொசெந்து எல்லாருக்கும் தந்திருந்த உரிமை மட்டும் திரும்பவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1003ஆம் பிரிவின்படி, பூசும் அதிகாரம் குருவுக்கு மட்டுமே.