கரும்பலகையின் மறுபக்கம்

அண்ணாமலையார் கோபுரத்தை நம் முன்னோர் தெருவில் நின்றே தொழுதனர். கோவில் நுழைவுச் சட்டம் 1939இல் வந்தது. அதற்கு 45 ஆண்டு முன்னரே, 1894இல், கர்னல் ஆல்காட் சென்னையில் நம்மவர்க்கு இலவசப் பள்ளி கண்டார். கோவிற் கதவினும் பள்ளிக் கதவே முன்னர்த் திறந்தது. 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியை நிறுவினார். ஆசிரியராயிருந்த எம்.சி.ராஜா சட்டமன்றம் புகுந்தார்.

நடுநிலைப்பள்ளி ஆசிரியராக விழையும் நம் பட்டதாரிகள் பெரும்பாலும் நாடுவது பி.எட். படிப்பே. ஓராண்டுப் படிப்பு 2015இல் ஈராண்டாயிற்று. உளவியலும் கற்பித்தற் பயிற்சியும் விரிந்தது நன்றே. கூலிக்குச் செல்லும் தாய்க்கோ அவ்விரண்டாம் ஆண்டு பெருஞ்சுமை.

பின்னர்த் தகுதித் தேர்வு. 150க்கு 90 என்றிருந்த தேர்ச்சி மதிப்பெண், 2014இல் ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 82 ஆயிற்று. அவ்வெட்டு மதிப்பெண்ணைச் சலுகையென நகைப்போர் உளர். அவர்தம் பாட்டனார் திண்ணைப் பள்ளியில் அமர்ந்தவர்; நம் பாட்டனாரை அத்திண்ணையில் ஏறவிட்டாரில்லை.