குழிக்குள் இருப்பவனும் காற்றும்

பெரும்பாணாற்றுப்படையின் அந்தப் பகுதியை எம்.ஏ. வகுப்பில் 'பாலை வருணனை' என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். மழை பொய்த்த காலம். மானின் அடி பதிந்த தடம். நீர் தேடி வரும் பன்றிக்காகக் குழிக்குள் ஒளிந்து நடு இரவில் காத்திருக்கும் கானவர். அந்த வேட்டை தப்பினால் பகலில் நாயும் வலையுமாக முயலை வளைத்துப் பிடித்துச் சேர்ந்து உண்பார்கள். வேட்டை ஏன் தப்பியது? பிரதி சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஒரு பதில் எனக்குக் கிடைத்தது கடலைக் காட்டில். காவலுக்கு இருந்த பெரியவர் சொன்னார்: "நீ எங்க வேணா ஒளிஞ்சுக்க தம்பி. காத்து திரும்பிருச்சுன்னா பன்னியும் திரும்பிரும்."

பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. குழி உடம்பை மறைக்கும், வியர்வையை மறைக்காது. பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் சரிவுகளில் காற்று கீழ்நோக்கி வழியும். காலை வெயிலில் மேல்நோக்கி ஏறும். எனவே இரவில் மேட்டிலிருந்து இறங்கும் பன்றிக்குக் குழியிலிருப்பவனின் வாசம் எட்டாது. பள்ளத்திலிருந்து ஏறி வரும் பன்றிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். காற்றுதான் காரணம் என்று பிரதிக்குள் நான் திணிக்கவில்லை. ஒளிதல் என்பதை நாம் கண்ணின் விவகாரமாகவே வாசித்துப் பழகிவிட்டோம் என்கிறேன்.

1944இல் வெளிவந்த குமாவோன் ஆட்கொல்லிப் புலிகள் பற்றிய நூலில் ஜிம் கார்பெட் இந்தக் காற்றைத் தெளிவாக எழுதுகிறார். மனிதனுக்கு அந்த மோப்பம் இல்லையென்று புலிக்குத் தெரியாது. மற்ற விலங்குகளிடம் போலவே காற்றை எதிர்கொண்டு நெருங்கும், அல்லது காற்று போகும் பக்கத்தில் பதுங்கும். ஆகவே எந்தப் பக்கம் பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இங்கே ஒளிந்திருப்பது யார், புலியா மனிதனா?

கார்பெட்டும் தோல்விகளைச் சொல்கிறார்தான். ஆனால் அவை கடைசி வெடிக்கான முன்கதைகள். காற்றறிவு அங்கே ஒரு தனிமனிதனின் சாமர்த்தியம். பழம்பாட்டில் நாயகன் இல்லை. தோல்விக்குப் பின் மறுநாள் சோறு மட்டும்தான்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்தக் குழி குற்றம். இருக்கட்டும், காடு பிழைக்க வேண்டும். ஆனால் குழியோடு சேர்த்து அதற்குள் இருந்தவனின் அறிவையும் மூடிவிட்டு, துரை எழுதிய புத்தகத்தில் மட்டும் காற்றைப் படிப்பதற்குப் பெயர் வேட்டை வரலாறா? பெரியவர் சொன்னதை நான் குறித்துக்கொண்டது கூட வீடு திரும்பிய பிறகுதான்.