விழுக்காட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள்: மாவட்டக் கல்வித் தலைமையை எதைக்கொண்டு அளப்பது?

தமிழகத்தில் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளிலேயே மாவட்டங்களின் வரிசைப் பட்டியலும் வெளியாகிவிடுகிறது. 2024இல் 97.45 விழுக்காட்டுடன் திருப்பூர் முதலிடம் பெற்றது, 2025இல் 98.82 விழுக்காட்டுடன் அரியலூர். மாணவர்களுக்கு மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இல் கைவிட்டது. பிள்ளைகளுக்கு ஆகாது என்று விலக்கிய அந்தப் பந்தயம் மாவட்டங்களுக்கு மட்டும் இன்னும் நடக்கிறது. பட்டியலில் மாவட்டம் ஏறினால் முதன்மைக் கல்வி அலுவலருக்குப் பாராட்டு. இறங்கினால் தலைமையாசிரியர்களின் ஆய்வுக் கூட்டத்தில் பள்ளிவாரியாக விசாரணை. ஒரு மாவட்டத்தின் கல்வித் தலைமை நல்லதா என்று இந்த எண் சொல்வதில்லை, தேர்வறைக்கு வந்து சேர்ந்தவர்களைப் பற்றித்தான் சொல்கிறது என்பதே என் வாதம். தலைமையை அறிய, வராதவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

2023 மார்ச் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு மொழித்தாள் அன்று ஏறத்தாழ 50,000 பேர் தேர்வுக்கு வரவில்லை. சில நாள்கள் அது பெரிய செய்தியாக இருந்தது. மே மாதத்தில் வந்த முடிவு 94.03 விழுக்காடு: எழுதியவர்கள் 8,03,385, தேறியவர்கள் 7,55,451. வராத அந்த 50,000 பேரையும் வகுக்கும் எண்ணில் சேர்த்தால் விழுக்காடு 89ஐத் தொடாது. அவர்களில் பலர் பெருந்தொற்றுக் காலத்தில் தேர்வின்றித் தேர்ச்சி பெற்று, பெயர்ப்பட்டியலில் மட்டும் தொடர்ந்தவர்கள் என்று விளக்கம் தரப்பட்டது. அந்த விளக்கத்தை ஏற்றாலும் கேள்வி தீர்வதில்லை. பட்டியலில் இருந்த பிள்ளை எப்போது, எந்த வகுப்பில், எதற்காகப் போனது? மாவட்டத்தில் யாருக்காவது அது தெரியுமா?

பெயர்ப்பட்டியலுக்கே வராதவர்களும் உண்டு. எட்டாம் வகுப்புவரை இங்கே யாரையும் நிறுத்திவைப்பதில்லை. ஒன்பதில் வடிகட்டல் தொடங்குகிறது. மெல்லக் கற்கும் மாணவரின் பெற்றோரை அழைத்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்வது, தனித்தேர்வராக எழுதச் சொல்வது, ஐ.டி.ஐ.யில் சேர்க்கச் சொல்வது எல்லாம் ஆசிரியர் உலகம் அறிந்தவை. தனித்தேர்வர் பள்ளியின் கணக்கில் வருவதில்லை. நூறு விழுக்காடு கேட்கும் மேலதிகாரிக்குப் பயந்த ஒரு தலைமையாசிரியருக்கு, வகுப்பில் பாடத்தைக் கூட்டுவதைவிடப் பட்டியலில் ஆளைக் குறைப்பது எளிது. அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிக் கேட்ட தலைமைக்கும் அதில் பங்குண்டு.

நாமக்கல் மாவட்டத்துக்கு இதில் தனி வரலாறு இருக்கிறது. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தின் பெயர், உறைவிடப் பள்ளிகளால் மாநிலமெங்கும் பரவியது. எந்தெந்த ஊரிலோ பத்தாம் வகுப்புவரை படித்த பிள்ளைகள் இங்கே விடுதியில் தங்கி மேல்நிலைத் தேர்வு எழுதினார்கள். அவர்கள் பெற்ற மதிப்பெண் நாமக்கல்லின் பெருமையாக எண்ணப்பட்டது. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டி நேரே பன்னிரண்டுக்குப் போகும் பழக்கத்தைத் தடுக்க 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அது நீக்கப்பட்டது. வெளியூர்ப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் இப்படிக் கலந்த எண்ணிலிருந்து மாவட்டக் கல்வி நிர்வாகத்தின் உழைப்பை எவ்வாறு பிரித்தெடுப்பது?

இம்மாவட்டத்தின் வெண்ணந்தூரில் நின்று பார்த்தால் அந்த எண் இன்னும் சுருங்கிவிடுகிறது. ராசிபுரத்துக்கு அருகே, அலவாய்மலையை ஒட்டிய நெசவு ஒன்றியம் இது. விசைத்தறி ஓடும் வீட்டில் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எப்போதும் வேலை இருக்கும். தார் சுற்ற ஆள் வேண்டும், அறுந்த இழையை முடிய ஆள் வேண்டும். கூலி குறையும் மாதத்தில் பள்ளிக்குப் போகும் நாள்களும் குறையும். இத்தகைய ஓர் ஒன்றியத்தில் வட்டாரக் கல்வி அலுவலர் நல்லவரா என்பது ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர்ந்ததா, பத்து நாள் வராதபோது யார் வீடு தேடிப் போனார்கள் என்பதில் தெரியும். மே மாதப் பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

தலைமையின் கை எங்கே தெரிகிறது என்று கேட்டால், ஆசிரியரைத் தற்காலிகமாக வேறு பள்ளிக்கு அனுப்பும் மாற்றுப்பணி ஆணைகளைப் பாருங்கள் என்பேன். ஆசிரியர் நியமனம் மாவட்ட அலுவலரின் கையில் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. ஆனால் ஓர் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பையும் மற்றவர் எப்படிப் பார்க்கிறார், பணிநிரவலில் சாலையோரப் பள்ளி நிறைந்து உள்ளூர்ப் பள்ளி காலியாகிறதா, கணித ஆசிரியர் இல்லாத உயர்நிலைப் பள்ளிக்கு ஜூனில் ஆள் வந்தாரா டிசம்பரில் வந்தாரா என்பவை அந்த மேசையில் முடிவாகின்றன. ஓராண்டின் ஆணைகளை வரிசையாக அடுக்கிப் படித்தாலே, அந்த அலுவலர் யாருக்குச் செவிசாய்த்தார் என்பது விளங்கிவிடும். இந்த ஆவணங்களை ஆய்வாளர்கள் அதிகம் தொடாதது எனக்கு வருத்தமே.

ஒன்றிய அரசு விரிவான அளவுகோல் ஒன்றை முயன்றது. 2022இல் முதன்முறை வெளியான மாவட்டச் செயல்திறன் தரக் குறியீட்டில் 83 குறிகாட்டிகள், 600 புள்ளிகள் இருந்தன. விளைவுகள் என்ற பிரிவுக்கு 290, நிர்வாகத்துக்கு 84. ஒற்றை விழுக்காட்டைவிட இது நிச்சயம் மேல். என்றாலும் பெரும்பகுதி பள்ளிகளே பதிவேற்றும் தரவை நம்பியிருக்கிறது. தரவைத் தருபவரும் தரவால் மதிப்பிடப்படுபவரும் ஒரே அமைப்புக்குள் இருக்கும்போது, கெட்ட செய்தி மேலே போகும் வழியில் நல்ல செய்தியாகிவிடும்.

அமெரிக்காவின் அட்லாண்டா இதற்குக் கசப்பான சான்று. அந்நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் பெவர்லி ஹால், தேர்வு மதிப்பெண் உயர்ந்ததற்காக 2009இல் அந்நாட்டின் சிறந்த கண்காணிப்பாளர் எனக் கௌரவிக்கப்பட்டார். 2011இல் மாநில விசாரணை 44 பள்ளிகளில் விடைத்தாள் முறைகேட்டைக் கண்டறிந்தது; 178 கல்வியாளர்கள் பெயர் அதில் இருந்தது. இலக்கை எட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அங்கே நிலவிய அச்சத்தை விசாரணையாளர்கள் சுட்டிக்காட்டினர். ஹால் குற்றச்சாட்டை மறுத்தார். நீதிமன்ற விசாரணையைச் சந்திக்கும் முன்பே 2015இல் காலமானார்.

விழுக்காட்டைக் கைவிட்டால் மதிப்பீடு சிபாரிசுக்கும் கட்சிச் செல்வாக்குக்கும் போய்விடும் என்ற மறுப்பு வலுவானது. அரசுப் பள்ளியில் தேர்ச்சி கூடவேண்டும் என்ற வற்புறுத்தலால் மாலை வகுப்பு பெற்று மேலேறிய ஏழைப் பிள்ளைகள் உண்மையிலேயே பலர். ஆகவே எண்ணை விட வேண்டாம். வகுக்கும் எண்ணை மாற்ற வேண்டும். வராதவர்களையும் எண்ணுவது இங்கே புதிய சிந்தனை அல்ல. நெ. து. சுந்தரவடிவேலு 1950களில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது காமராசர் அரசின் மதிய உணவும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் குறிவைத்தது, வராத பிள்ளையை வரவைப்பதையும் ஊரைப் பள்ளிக்குப் பொறுப்பாக்குவதையும்தான்.

இன்று ஒவ்வொரு மாணவருக்கும் கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பில் தனி எண் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனைபேர் ஏழாம் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார்கள் என்பதை, இடம் மாறியவர்களையும் தொழிற்கல்விக்குச் சென்றவர்களையும் கணக்கில் கொண்டு, ஒன்றியம் ஒன்றியமாக வெளியிட முடியும். உறைவிடப் பள்ளிக்கு வெளியூரிலிருந்து வந்தவர் அவரவர் ஊர்க் கணக்கில் சேர்வார். உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோர் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் அந்தப் பட்டியல் வாசிக்கப்பட வேண்டும்; எந்தப் பிள்ளை எந்தத் தறியில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அலுவலரின் மாற்றுப்பணி ஆணைகளும் அதே கூட்டத்தில் வைக்கப்படட்டும். ஓராண்டுக்கு முன் பொறுப்பேற்றவரின் தலையில் பன்னிரண்டு ஆண்டின் பயனையோ பழியையோ ஏற்றுவதற்குப் பதிலாக, அவர் வந்தபின் எத்தனை பெயர்கள் தொலைந்தன, எத்தனை மீண்டன என்று கேட்கலாம். இழப்பை ஒளிக்காமல் எழுதிய தலைமையாசிரியருக்கு அந்த ஆண்டு குறிப்பாணை போனதா, கூடுதல் ஆசிரியர் போனாரா என்பதையும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.